பொதிமாடு புகட்டிய பாடம்

ஓசூரில் இன்று ஆலைகள் அணிவகுத்து நிற்கின்றன. கன்னட நாட்டு எல்லையோ கூப்பிடு தூரம். இரும்பையும் எஃகையும் சுமந்த லாரிகள் இரவென்றும் பகலென்றும் பாராமல் கிருஷ்ணகிரிச் சாலையிலே பாய்கின்றன. அந்த லாரிகள் பத்து நாள் ஓடாது நின்றால்? எந்திரம் எத்தனை நுட்பமானதாயினும் ஆலை அடங்கி ஒடுங்கிப்போகும். இதே மண்ணில், இதே வழியில், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரும்படை அவ்விதம் அடங்கியது. அன்று லாரி இல்லை, பொதிமாடு இருந்தது!

ஆண்டு 1767. பாராமகால் என்று அன்று வழங்கிய இப்பகுதியில் கும்பினிப் படையுடன் நின்றார் கர்னல் ஸ்மித். வரிசை குலையாத சிப்பாய்கள், பிசகாத பீரங்கிகள். எதிரே மைசூரின் ஐதர் அலி. அவரிடமும் பீரங்கி உண்டு, பயின்ற காலாட்படை உண்டு. ஆயினும் நேருக்கு நேர் நின்று பொருதினால் வெற்றி கும்பினிப் பக்கமே சாய்ந்தது. ஐதர் அதனை உணர்ந்தார். உணர்ந்ததால் ஆட்டத்தையே மாற்றினார். ஆகஸ்டு இறுதியில் மலைக்கணவாய் வழியே இறங்கிய அவரது குதிரைவீரர்கள் கும்பினியின் பீரங்கிகளைத் தேடவில்லை. மேய்ந்து கொண்டிருந்த மாடுகளை வளைத்து ஓட்டிச் சென்றனர்!

செப்டம்பர்த் தொடக்கத்தில் செங்கத்தில் போர். வென்றவர் ஸ்மித். வென்றவர் விருந்துண்டாரா? இல்லை, சோறின்றித் தவித்த படையை இழுத்துக்கொண்டு, அரிசி கிடைக்கும் என்று நம்பித் திருவண்ணாமலைக்கு விரைந்தார். தோற்றவன் துரத்துகிறான், வென்றவன் உணவு தேடி ஓடுகிறான்! நாடகத்திலே இப்படியொரு காட்சியை நான் எழுதியிருந்தால், நம்பத்தக்கதன்று என்று நீங்களே நகைத்திருப்பீர்கள்.

மறு ஆண்டு கிருஷ்ணகிரி கும்பினியிடம் வீழ்ந்தது, ஓசூரும் வீழ்ந்தது. நவம்பரில் ஐதர் ஓசூரை வளைத்தார். அதனை மீட்கக் கிளம்பிய கர்னல் வுட், மூட்டை முடிச்சுகளையும் இரு பெரும் பீரங்கிகளையும் பாகலூரில் விட்டு விரைந்தார். ஐதர் சுற்றி வளைத்துப் பாய்ந்தது பாகலூர் மீது! பொருளும் போயிற்று, பீரங்கியும் போயிற்று. 1769 மார்ச்சில், பெரும்படையைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஆறாயிரம் குதிரை வீரர்களுடன் பறந்துவந்து பரங்கிமலைப் பக்கம் நின்றார் ஐதர். சென்னைக் கோட்டையின் ஒரு கல்லும் பெயரவில்லை. ஆனால் கோட்டைக்குள் இருந்தோர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர்.

வலிமை எங்கே தெரிகிறதோ அங்கே மோதாதே. அந்த வலிமை எதனைச் சார்ந்து நிற்கிறதோ அதனைத் தேடு! 1954-ல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை கற்றதும் இதுவே. விமானம் சோறு போடும் என்று நம்பிப் பள்ளத்தாக்கில் இறங்கியது அப்படை. வியட்நாம் மக்களோ மிதிவண்டியிலே அரிசி தள்ளினர், பீரங்கிகளைக் கையால் மலைமேல் இழுத்தேற்றினர், விமானத் தளத்தையே நொறுக்கினர்.

அப்படியாயின், எளியவன் என்றும் வெல்வானா? இல்லை, தோழர்களே! எதிரியும் பாடம் படிப்பான். 1791 மே மாதத்தில், ஸ்ரீரங்கப்பட்டினத்தின் வாயில் வரை வந்த காரன்வாலிஸ், மாடுகள் மடிந்ததால் தம் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பினார். ஆனால் அதோடு முடங்கவில்லை. பொதிமாட்டு வணிகரான பிரிஞ்சாரிகளைச் சேர்த்தார். அரிசி மூட்டைகளுக்கு வழி கண்டார். அவ்வாண்டு நவம்பரில் அவர் படையின் ஒரு பிரிவு, மாக்ஸ்வெல் தலைமையில் கிருஷ்ணகிரிக் கீழ்க்கோட்டையில் புகுந்தது. மேற்கோட்டையினர் பாறைகளை உருட்டினர்; துப்பாக்கி ஏந்தியவர்கள் உருண்டோடினர். வீரம் வென்றது! எனினும் என்ன? 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டினம் முற்றுகைக்குள்ளாயிற்று, உடன்படிக்கை எழுதப்பட்டது, பாராமகால் கும்பினிக்குப் போயிற்று. கல் காத்த கோட்டையைக் காகிதம் கொடுத்தது!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்; இனிக்காது எனினும் சொல்லியாக வேண்டும். 1780-ல் ஐதரின் குதிரைகள் கருநாடகச் சமவெளியில் இறங்கியபோது, கும்பினியைப் பட்டினி போட ஊர்கள் கொளுத்தப்பட்டன, வயல்கள் பாழாக்கப்பட்டன. பட்டினி கிடந்தவன் யார்? கோட்டைக்குள் இருந்த வெள்ளைத்துரையா? முதலில் கிடந்தவன் குடியானவன்! பகைவனின் களஞ்சியத்துக்கென வைத்த தீ, ஏழையின் வைக்கோற்போரையே முதலில் தின்றது. மிதிவண்டி தள்ள மக்கள் வருவது, அந்தப் போர் தமது என்று அவர்கள் எண்ணும்போதுதான். அவர்தம் அடுப்பை அணைத்தவனுக்கு, வழிகாட்ட யார் வருவார்?

நம் களத்தில் வாளில்லை, வேலில்லை; வாக்குச்சீட்டும் வாதமும்தான் நமது படைக்கலம். ஆயினும் பணமும் பகட்டும் பக்கபலமாய்ப் பெற்றோரைக் காணும்போது, 'இவ்வளவு பெரிய படையை எப்படி எதிர்ப்பது' என்று மலைப்பவர் நம்மிலும் உண்டு. மலைக்க வேண்டாம். அப்பேருருவம் எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். ஒருமுறை பலித்த உத்தி மறுமுறையும் பலிக்கும் என்று உறங்கிவிடாதீர்கள். வெற்றி வேட்கையிலே எளியோன் வயலை மிதிக்காதீர்கள்.

அடுத்தமுறை ஓசூர்ச் சாலையில் செல்லும்போது ஆலையின் உயரத்தை மட்டும் அண்ணாந்து பாராதீர்கள். எதிரே வரும் லாரியையும் சற்றே கவனியுங்கள்!