விடிந்ததும் புறப்படு!

போன மாதம் நடந்த நம் சங்கச் செயற்குழுக் கூட்டத்தில் இளைஞர் அணியினர் ஒரு கோரிக்கை வைத்தார்கள். ஆண்டு விழாவையொட்டிப் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு வரை ஓர் இரவு மோட்டார் சைக்கிள் பயணம். இருபது வண்டிகள், ஒவ்வொன்றிலும் சங்கக் கொடி. கேட்டதும் மூத்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் "கூடவே கூடாது" என்றார்கள். "நீங்கள் வண்டி ஓட்டியதில்லை, அதனால்தான் பயப்படுகிறீர்கள்" என்று ஒரு பையன் சொல்லிவிட்டான். குரல்கள் உயர்ந்தன. தலைவர் டீ வரவழைத்து, முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. வண்டி ஓட்டத் தெரியாதவன் அல்லன் நான். தேவிகுளம் தாலுகாவிலும் சித்தூர் தாலுகாவிலும் தமிழ்வழிப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்த காலத்தில், பழைய எஸ்டி வண்டி ஒன்றில் இந்த எல்லைச் சாலைகள் அத்தனையையும் இரவில் அளந்தவன். பேசாமல் இருந்ததற்கு வேறு காரணம் உண்டு. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் பையன்களின் பக்கம் பேசுகிறேன். இரவுப் பயணத்தின் சுகம் பொய்யன்று. பகலில் வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கம் லாரிப் புகையும் வெயிலும் தின்ற மனிதனுக்கு, இரவு பத்து மணிக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலை வேறொரு உலகம். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் இடமல்லவா பாலக்காட்டுக் கணவாய்? அந்த இடைவெளியில் நுழைந்து வரும் காற்று பனையோலைகளைப் படபடக்கச் செய்யும் ஓசையை எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்கலாம். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோர்களிலிருந்து இரவெல்லாம் வரும் வாசனை இருக்கிறதே, அதைக் காருக்குள் கண்ணாடி ஏற்றிக்கொண்டு போகிறவன் அறியமாட்டான். போடிமெட்டில் வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தால் போடியும் தேனியும் யாரோ கைநிறைய அள்ளி இறைத்த விளக்குகளாகத் தெரியும். தட்டுக்கடையில் ஒரு கட்டன் சாயா குடித்துக்கொண்டு அதைப் பார்த்து நின்ற இரவுகளை என் சொத்துக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

ஆகவே, "இரவில் வண்டி ஓட்டுவது பைத்தியக்காரத்தனம்" என்று இளைஞர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

இனி மறுபக்கம். 1994ஆம் ஆண்டு தை மாதம். அறுவடை முடிந்த சமயம். போடியில் எங்கள் தந்தையார் மாலை ஏழு மணிக்குக் காலமானார். மூத்தவன் நான் பக்கத்தில் இருந்தேன். தம்பி கொழிஞ்சாம்பாறையில் வேலையில் இருந்தான். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, அவன் வீட்டருகே இருந்த மளிகைக் கடைக்குப் போன் போட்டு, அவனை வரவழைத்துப் பேசினேன். பேசியது நாலே வார்த்தை: "அப்பா போயிட்டார். விடியறதுக்குள்ளே வந்துடு. காலையிலே எடுத்துடுவோம்."

அவன் வந்து சேரவில்லை. உடுமலைக்கும் பழனிக்கும் நடுவில், வைக்கோல் ஏற்றிச் சாலையோரம் நின்றுகொண்டிருந்த டிராக்டர் டிரெய்லரின் பின்னால் மோதிவிட்டான். டிரெய்லருக்குப் பின்விளக்கு இல்லை. தம்பியின் வண்டியில் 6 வோல்ட் முகப்பு விளக்கு. எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் கண்ணில் நிறைந்திருந்தது. வழியில் போனவர்கள் போலீஸ் விசாரணைக்குப் பயந்து நிற்கவில்லை. ஒரு காய்கறி லாரிக்காரர்தான் தூக்கிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தார். உயிர் பிழைத்தான். வலது கால் இன்றும் சரியாக மடங்காது. தந்தைக்குக் கொள்ளி வைத்த அதே நாளில் தம்பிக்கு ரத்தம் கொடுக்க ஓடினேன். அவனைக் கிளப்பிவிட்டது சாலையா, லாரியா, இளமை முறுக்கா? இல்லை. என் நாலு வார்த்தைதான்.

அன்பர்களே, இரவுப் பயணத்தின் அபாயத்தைப் பேசும்போது நாம் எப்போதும் இளைஞர்களின் வேகத்தை மட்டுமே பேசுகிறோம். வேகம் குற்றவாளிதான். ஆனால் எல்லையில் வாழும் நம்மவர்கள் இரவில் வண்டி எடுப்பது பெரும்பாலும் உல்லாசத்துக்காக அன்று. வேலை ஒரு மாநிலத்தில், உறவு மறு மாநிலத்தில். சாவுச் செய்தி, பிரசவச் செய்தி, காதுகுத்து, சீர் எல்லாமே மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன. "இப்பவே கிளம்பு" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. நேரத்துக்கு வராதவனை ஆயுளுக்கும் குத்திக்காட்டும் பழக்கமும் உண்டு. அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் பலபேர் நள்ளிரவில் கிக்கரை உதைக்கிறார்கள்.

கணக்கைச் சற்றுப் பாருங்கள். மத்திய அரசு வெளியிட்ட புள்ளிவிவரப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,000க்குச் சற்று அதிகம். மிக அதிகமான விபத்துகள் நடக்கும் நேரம் நள்ளிரவு அன்று. மாலை 6 மணி முதல் 9 மணி வரை. அதாவது வீடு திரும்பும் நேரம், அவசர நேரம்.

இரவில் கண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். எதிரே ஒரு வண்டி ஹை பீம் போட்டு வந்தால், அது கடந்த பிறகும் சில விநாடிகள் நாம் பாதிக் குருடர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறான். மூன்று விநாடி கண் தெரியாவிட்டால் 50 மீட்டர் தூரத்தைத் தெய்வத்தின் பொறுப்பில் விட்டுவிட்டான் என்று அர்த்தம். ஆபத்தைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, பிரேக் பிடித்து நிற்பதற்கும் 40 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். லோ பீம் விளக்கு காட்டும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். பாதுகாப்புக்கு மிச்சம் எதுவும் இல்லை. வயது கூடக் கூட நிலைமை இன்னும் மோசம்: 60 வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம், 20 வயதுக் கண்ணுக்குள் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இது மூத்தவர்களாகிய எங்களுக்கான எச்சரிக்கை. விடியற்காலை 2 மணி முதல் 5 மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும். டீயும் வெற்றிலையும் அதைச் சற்றுத் தள்ளிப்போடுமே தவிர, வெல்லாது.

நம் பகுதிச் சாலைகளுக்கென்று தனிக் குணங்களும் உண்டு. வாளையாறு முதல் வடக்கஞ்சேரி வரை அகலமான நெடுஞ்சாலை. அங்கே வேகமே எமன். 2022 அக்டோபர் 5ஆம் தேதி இரவு, வடக்கஞ்சேரி அருகே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வந்த சுற்றுலா பஸ் முன்னே சென்ற அரசு பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய பஸ்ஸுக்கே அந்தக் கதி. மலைப்பக்கம் வேறு மாதிரி. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறினால் மூடுபனி. பனிக்குள் ஹை பீம் போட்டால் நம் வெளிச்சமே வெள்ளைச் சுவராகத் திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். லோ பீம் போட்டு, ஓரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஊர்வதுதான் ஒரே வழி. போடிமெட்டிலிருந்து மூணாறு வரை 42 கிலோமீட்டர் சாலையை இப்போது அகலப்படுத்தி அழகாக்கிவிட்டார்கள். சாலை நன்றாக ஆக ஆக, வேகமும் கூடுகிறது.

யானை இருக்கிறது. சின்னக்கானலில் 2023 ஏப்ரல் 29இல் மயக்க ஊசி போட்டுப் பிடித்த அரிக்கொம்பனைப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது கம்பம் நகரத் தெருவுக்கே வந்துவிட்டது. அங்கே இருசக்கர வாகனத்தில் வந்த ஒருவர் அதனால் அடிபட்டு இறந்தார். 2024 பிப்ரவரி 26ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த கன்னிமலையில் ஓர் ஆட்டோவை யானை கவிழ்த்து, ஓட்டுநர் உயிரிழந்தார். யானையின் நிறம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. இருட்டில் அது நிற்பது, மிக அருகே போகும் வரை தெரியாது. கண்டால் ஹாரன் அடிப்பதும் விளக்கை மின்னி மின்னிக் காட்டுவதும் முட்டாள்தனம். தூரத்திலேயே நின்று, திரும்பி வந்த வழியே போய்விட வேண்டும். காடு அதற்கு வீடு. நாம்தான் நடுராத்திரியில் கதவைத் தட்டுகிறவர்கள். பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணி தொடங்கிக் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருப்பது அதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? என் தாழ்மையான கருத்துகள் இவை.

ஒன்று, சாவு வீட்டு அவசரத்தை விடுவோம். 1994இல் எங்கள் ஊரில் குளிர்பெட்டி கிடையாது, அதனால் அவசரப்பட்டோம். இன்று சிற்றூரிலும் வாடகைக்குப் பெட்டி கிடைக்கிறது. பிள்ளை காலையில் கிளம்பி மதியம் வந்து முகம் பார்த்தால் ஆகாதா? செய்தி சொல்லும்போதே, "விடிந்ததும் புறப்படு, நீ வரும் வரை எடுக்கமாட்டோம்" என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு, விருந்துக்கு வந்தவனுக்குச் சாப்பாடு போட்டு இரவு பத்து மணிக்கு வழியனுப்புவது உபசாரம் ஆகாது. பாயும் தலையணையும் போடுவதே உபசாரம். நம் சங்கமும் ஆண்டு விழாவை மாலை ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும். பேச்சாளர்கள், என்னையும் சேர்த்து, சுருக்கிக்கொண்டால் நடக்கும்.

மூன்று, நம்மில் டிராக்டர், ஜீப், மாட்டு வண்டி வைத்திருப்போர் அனைவரும் பின்புறம் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்ட வேண்டும். ஒரு சில ரூபாய்ச் செலவு. என் தம்பியின் காலுக்கு அதுதான் விலையாக இருந்தது.

நான்கு, அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டால் நில்லுங்கள். உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் மாதத்திலேயே உதவுவோருக்குப் பாதுகாப்பு அளித்துவிட்டது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவும் அது சேர்ந்திருக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லும்படி யாரும் வற்புறுத்த முடியாது. இரு மாநிலத்திலும் 108 உண்டு. மொழி தெரியவில்லையே என்று தயங்கவும் வேண்டாம். நாம்தான் இரண்டு மொழியும் அறிந்தவர்கள் ஆயிற்றே.

ஐந்து, இளைஞர் அணியின் பயணம். கொடி கட்டிக்கொண்டு போங்கள், நானே வழியனுப்புகிறேன். ஆனால் சின்னாறு சரணாலயமும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் உள்ள அந்தப் பாதையில் நம் சங்கத்தின் பெயரால் இரவில் போக நான் கை தூக்கமாட்டேன். பௌர்ணமி நாளாகப் பார்த்து, மாலையில் கிளம்பி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று சமவெளியில் சுற்றிவிட்டு, பத்து மணிக்குள் ஓரிடத்தில் தங்குங்கள். மலையைப் பகலில் ஏறுங்கள். ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் வேண்டும். இரவில் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். மறுநாள் இரவு போடிமெட்டில் வண்டியை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த விளக்குகளைப் பாருங்கள். இரவின் அழகைக் காண வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

கட்டுரையை முடிக்குமுன் தம்பியிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அண்ணே, நீ கூப்பிடாமல் இருந்திருந்தாலும் நான் வந்திருப்பேன்" என்றான். என் மனம் ஆறட்டும் என்று சொல்கிறான் என்பது தெரியும். "கூப்பிட்டதில் தப்பில்லைடா. காலையிலே வா என்று சொல்லியிருக்கலாம் இல்லையா?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சொல்லியிருந்தால் காலையில்தான் வந்திருப்பேன்" என்றான்.