இனிப்புப் பெட்டி சேவை ஆகாது

ஐப்பசி பிறந்ததும் நம் ஊர் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் கூட்டங்களில் மூன்று விஷயங்கள் பேசப்படும். குடும்ப விழாவை எந்த மண்டபத்தில் வைப்பது, பிள்ளைகளுக்கு என்ன போட்டி நடத்துவது, இந்த வருடம் எந்த இல்லத்துக்குப் போவது. முதல் இரண்டைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. உறுப்பினர்கள் தங்கள் காசில் கொண்டாடுகிறார்கள், நன்றாகக் கொண்டாடட்டும். மூன்றாவதோடுதான் என் வழக்கு. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ப் புதுத்துணி, இனிப்புப் பெட்டி, ஒருவேளை விருந்து கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு நல்லது செய்தாகிவிட்டது என்று சங்கத்துக்காரர்கள் நம்புகிறார்கள். ஊரும் அப்படித்தான் நம்புகிறது. அந்த நம்பிக்கை தவறு. அந்த ஞாயிறு கொடுப்பவரின் நாட்காட்டியிலிருந்து வருகிறது. பிள்ளையின் தேவை எந்த மாதத்தில் வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தின் அலுவலக அறையில், நன்கொடையாளர்கள் சாப்பாட்டுக்கு நாள் பதிவு செய்யும் நீள நோட்டு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தேதிக்கும் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டிருப்பார்கள். தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் பக்கங்களில் பேனா வைக்க இடம் இருக்காது; கட்டம் நிறைந்து ஓரத்திலும் பெயர்கள் ஏறியிருக்கும். ஜூன் மாதப் பக்கங்களைப் புரட்டினால் வெறும் கட்டங்கள்தான். ஜூனில்தான் பள்ளிக்கூடம் திறக்கிறது. பாடநூலும் சீருடையும் அரசாங்கம் கொடுத்துவிடும். ஆனால் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்குக் கல்லூரி விண்ணப்பம், சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம் எல்லாம் அந்த மாதத்தில்தான் வந்து நிற்கும். கரும்பலகை தெரியவில்லை என்று முதல் பெஞ்சுக்கு மாற்றப்பட்ட பையனுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில் அங்கே யாரும் வருவதில்லை.

அந்த இல்லத்தின் காப்பாளர் அம்மா தொலைபேசியில் பேசியதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “சார், அந்த ஞாயித்துக்கிழமை ஏற்கெனவே ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. பிள்ளைங்களால ரெண்டு விருந்து சாப்பிட முடியாது. கார்த்திகையில ஒரு நாள் வரீங்களா? இல்லன்னா அந்தப் பணத்துல கேஸ் சிலிண்டரா வாங்கிக் கொடுத்தீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும்.” மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்பது அடுத்து அவர் சொன்னதிலிருந்து தெரிந்தது. “சரிங்க சார். நாலு மணிக்கு வாங்க. சாப்பாட்டைக் கொஞ்சம் கம்மியா கொண்டு வாங்க.” சிலிண்டரைப் பிள்ளை கையில் கொடுத்துப் படம் எடுக்க முடியாது. காரணம் அதுதான் என்று நான் துணிந்து சொல்வேன்.

துணி விஷயம் இதைவிட மோசம். வயசுக்கு ஏற்ற அளவு என்று கடைக்காரர் சொல்கிற கணக்கில் மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே உயரமா? பல வருடம் சரியாகச் சாப்பிடாமல் வளர்ந்து இல்லத்துக்கு வந்த பிள்ளை வயதுக்குக் குறைவாகத்தான் இருக்கும். தோளிலிருந்து நழுவும் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மேடைக்கு வந்து “தாங்க் யூ அங்கிள்” சொன்ன ஒரு சிறுமியைப் பார்த்திருக்கிறேன். உள்ளாடை, நாப்கின், பல் துலக்கும் பிரஷ், பேன் மருந்து, கொசுவலை இவையெல்லாம் அந்த வீட்டில் மாதாமாதம் தேவைப்படுகிறவை. எந்த மேடையிலும் இவற்றை வழங்கி நான் பார்த்ததில்லை. சமையல்காரம்மாவின் சம்பளமும், பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசுகிற ஆலோசகரின் சம்பளமும் அதே வரிசையில் வருபவைதான்.

மேடைக்குப் பின்னால் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதன் முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே பெட்டியைப் பிடித்துக்கொண்டு எடுக்கிற படம் அன்று மாலையே வாட்ஸ்ஆப்பில் வந்துவிடும். மறுநாள் பத்திரிகையிலும் வரும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் உறுப்பினர்களாக உள்ள சங்கங்களில் இது வருடா வருடம் நடக்கிறது. தான் இல்லத்தில் தங்கிப் படிப்பதை வகுப்பில் ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கும் பையனின் முகம், வகுப்புத் தோழனின் அப்பா போனில் வந்து விழுகிறது. மறுநாள் காலை அவன் எப்படிப் பள்ளிக்கூடம் போவான்?

“அன்னைக்கு ஒருநாளாவது கொடுக்கிறாங்களே, அதையும் கெடுக்கிறீங்களே” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். புதுச்சட்டை போட்ட பிள்ளையின் மகிழ்ச்சி பொய்யில்லை. பண்டிகைக் காலத்தில் ஜனங்கள் கை தாராளமாக நீளும் என்பதும் உண்மை. அப்படியானால் ஐப்பசியில் வசூல் செய்யுங்கள், வருடம் முழுக்கச் செலவு செய்யுங்கள். வசூலுக்கு ஏற்ற மாதம் செலவுக்கும் ஏற்ற மாதமாக இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. இதை நம் மண் நெடுங்காலமாக அறியும். வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே நாள், நட்சத்திரம் பார்த்துச் சோறு போடுவதில்லை; வந்தவருக்குத் தினமும் போடுகிறார்கள். 1956இல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தபோதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியபோதும், 2022இல் காலை உணவு தொடங்கியபோதும் கணக்கு ஒன்றுதான்: பள்ளிக்கூடம் நடக்கிற ஒவ்வொரு நாளும் சாப்பாடு. ஆண்டுக்கு ஒருமுறை விருந்து போட்டிருந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்திருக்க மாட்டார்கள்.

சங்கங்களுக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. மற்ற எவரையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆத்திரம் அதனால்தான் வருகிறது. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரி, முதன்முதலில் எடுத்துச் செய்த பொதுப்பணி அந்த நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை கட்டவைத்தது. எந்தப் பண்டிகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜனங்களுக்கு அது தினமும் தேவைப்பட்டது, அவ்வளவுதான். 1985இல் உலகம் முழுவதும் போலியோவை ஒழிக்கப் பணம் திரட்ட இறங்கினார்கள். அதற்கும் முன்னால், 1980களின் தொடக்கத்தில், வேலூரில் சிஎம்சி மருத்துவமனையின் டி. ஜேக்கப் ஜான் ஊர் முழுவதும் குறிப்பிட்ட நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை நடத்திக் காட்டியிருந்தார். 1995இல் அது ரோட்டரியும் பங்கேற்ற நாடு தழுவிய இயக்கமானது. முகாம் ஞாயிறன்று நடந்தது. ஆனால் ஞாயிறோடு முடியவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வீடு வீடாகப் போனார்கள். சொட்டு மருந்து குடித்த பிள்ளையின் இடது சுண்டுவிரல் நகத்தில் மை இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் குடித்த வீட்டுச் சுவரில் சாக்பீஸால் ‘பி’ என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை விட்டுப்போயிருந்தாலும் ‘எக்ஸ்’. எக்ஸ் போட்ட வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானதுதான் இயற்கையான போலியோ வைரஸால் இந்தியாவில் வந்த கடைசி நோய். 2014 மார்ச் 27 அன்று நாடு போலியோ இல்லாததென்று சான்று கிடைத்தது.

அந்த இயக்கம் முழுவதும் கேட்கப்பட்ட கேள்வி, எந்தப் பிள்ளை விட்டுப்போயிற்று என்பதுதான். தீபாவளி நிகழ்ச்சி முடிந்ததும் சங்க அறிக்கையில் எழுதப்படுவது எத்தனை பிள்ளைகள் பெற்றார்கள் என்பது. அதே அமைப்பு, பெரும்பாலும் அதே ஆட்கள்.

லயன்ஸ் சங்கமும் அப்படித்தான். 1925இல் ஹெலன் கெல்லர் அவர்களுடைய மாநாட்டுக்குப் போய்ப் பார்வையற்றோருக்காக உழைக்கும்படி கேட்டுக்கொண்டார். அதை ஏற்றுக்கொண்டு இன்றுவரை கண் மருத்துவத்துக்குச் செய்து வருகிறார்கள். 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபின் கிராமம் கிராமமாக நடந்த முகாம்களில் உள்ளூர்ச் சங்கங்களின் பங்கு பெரிது. தண்டோரா, துண்டறிக்கை, பந்தல், வந்தவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மருத்துவம் மருத்துவமனையின் பொறுப்பு. புரை முற்றிய பாட்டியைப் பேருந்தில் ஏற்றி, அறுவை முடித்து, ஊரில் கொண்டுவந்து இறக்கி, மறுபரிசோதனைக்கும் வரவழைப்பார்கள். பார்வை திரும்பியதா என்று சரிபார்க்கும் நாள் அந்த வேலையிலேயே அடங்கியிருந்தது. இல்லத்துப் பிள்ளைக்குக் கொடுத்த சட்டை பொருந்தியதா என்று மறு வாரம் யார் போய்ப் பார்த்தார்கள்?

இப்படித் திறமை உள்ள அமைப்பு, வருடா வருடம் இனிப்புப் பெட்டியிலேயே ஏன் வந்து நிற்கிறது? தலைவர் பதவி ஓராண்டுதான் என்பது என் பார்வையில் முக்கியமான காரணம். இரண்டு அமைப்புகளிலும் ஜூலை 1 அன்று புதிய நிர்வாகம் வந்து ஜூன் 30 அன்று முடிகிறது. பதவியேற்பு விழா, மாவட்ட ஆளுநர் வருகை, விருது வழங்கும் விழா என்று மாதங்கள் ஓடிவிடும். ஒரு பெண் பிள்ளையைப் பதினாறு வயதில் எடுத்து இருபத்தொரு வயதில் நர்ஸாக்குவது ஐந்து தலைவர்களின் காலத்தில் நடக்க வேண்டிய வேலை. அதில் எந்தத் தலைவருக்கும் ‘என் ஆண்டில் நடந்தது’ என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. தீபாவளி நிகழ்ச்சி ஒரே மாலையில் முடிந்து அறிக்கையில் ஏறிவிடுகிறது.

ரத்த தானத்தில் இந்தக் கோளாறு உயிரோடு விளையாடுகிறது. ஆகஸ்ட் 15 அன்று மாபெரும் முகாம் என்று ஊரில் உள்ள சங்கங்கள் எல்லாம் ஒரே நாளில் நடத்தும். சேமித்த சிவப்பணுக்கள் சுமார் ஆறு வாரம் தாங்கும். தட்டணுக்கள் ஐந்தே நாள். ஆண்கள் ஒருமுறை ரத்தம் கொடுத்தால் அடுத்த மூன்று மாதம் கொடுக்க முடியாது. பெண்களுக்கு நான்கு மாதம். அன்று கொடுத்த எல்லாரும் நவம்பர் நடுப்பகுதி வரை மறுபடி கொடுக்க முடியாதவர்கள். அக்டோபர் பிறப்பதற்குள் அன்று எடுத்த ரத்தமும் காலாவதியாகிவிடும். தீபாவளி பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வருகிறது. கல்லூரிகள் மூடியிருக்கும், தானம் செய்கிற இளைஞர்கள் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். பிரசவமும் விபத்தும் லீவு எடுப்பதில்லை. மாதத்துக்கு ஒரு சங்கம் என்று முறை வைத்துக்கொண்டால் போதும், கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. மருத்துவர்கள் நிறைந்த சங்கங்களால்கூட இதைச் செய்ய முடியாதா?

இல்லங்களைப் பற்றி இன்னும் ஒன்று. அங்கே இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் தாய் தகப்பன் இல்லாதவர்கள் என்று நினைப்பது தவறு. நான் பார்த்தவற்றில் பலருக்கு அம்மாவாவது உயிரோடு இருக்கிறார். செங்கல் சூளையிலோ வீட்டு வேலையிலோ இருக்கிற அவரால் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள முடியவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் அந்த அம்மா வந்து பிள்ளையை அழைத்துப் போவார். அழைத்துப்போக யாரும் வராத நாலைந்து பிள்ளைகள்தான் பண்டிகையன்று காலையில் அங்கே மிச்சம். விருந்தெல்லாம் முந்தைய ஞாயிறே முடிந்திருக்கும்.

பிள்ளையை நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதே 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பிள்ளை சொந்த வீட்டிலேயே வளர, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. தகுதி இருந்தும், எங்கே விண்ணப்பிப்பது, என்ன சான்றிதழ் வேண்டும் என்று தெரியாத அம்மாக்கள் நிறைய. அந்த விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குக் கூட அழைத்துப் போகிற ஒரு வழக்கறிஞர் உறுப்பினர், நூறு இனிப்புப் பெட்டி செய்யாததைச் செய்துவிடுவார். அரசுப் பணம் கிடைக்காத குடும்பம் என்றால் வருடம் 48,000 ரூபாய் சங்கமே கொடுக்கலாம். பதினெட்டு வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியே வருகிற பையனுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுக்க ஜாமீன் ஆள் வேண்டும், வேலை வேண்டும். பட்டறை, ஜவுளிக்கடை, அச்சகம், மருந்துக்கடை வைத்திருப்பவர்கள்தானே சங்கத்தில் வாராவாரம் சேர்ந்து உட்காருகிறார்கள். தொழில்வழிச் சேவை என்று ரோட்டரி தன் கொள்கையிலேயே வைத்திருப்பது இதற்காகத்தான்.

இந்த ஐப்பசிக் கூட்டத்தில் இல்லத்தின் பெயர் பேச்சில் வரும்போது யாராவது ஒருவர் எழுந்து, முதலில் அந்தக் காப்பாளர் அம்மாவைக் கூப்பிட்டு என்ன வேண்டும், எந்த மாதத்தில் வேண்டும் என்று கேட்டு வரும்படி தீர்மானம் கொண்டுவரட்டும். வசூலான பணத்தைத் தனிக் கணக்கில் போடட்டும். ஜூன் 30க்குப் பிறகும் அது தொடரும் என்று, இப்போதைய தலைவரோடு அடுத்த ஆண்டுத் தலைவரும் அதற்கடுத்த ஆண்டுத் தலைவரும் கையெழுத்திடட்டும். தீபாவளியன்று காலையில் இல்லத்தில் தங்கிவிட்ட அந்த நாலைந்து பிள்ளைகளை, குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியோடு, சங்கத்தின் குடும்ப விழாவுக்கே அழைக்கலாம். பேனரும் மேடையும் இல்லாமல், மற்றப் பிள்ளைகளோடு ஒரே பந்தியில்.