வீடு கட்ட யார் தயவு வேண்டும்?

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல், லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்து உலகத்துக்கு அனுப்புகிறவன் தொழிலாளி. ஆனால் அவன் தலைசாய்க்கும் ஓர் அறைக்குக் கூலியில் பெரும்பங்கை வாடகையாக அழுகிறான். 2019இல் ஊர் மாநகராட்சியாயிற்று. அவன் வீடோ இன்னும் கனவாகவே இருக்கிறது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு சென்ட் வாங்கியவனும், வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீசு ஆபீசாய் அலைந்ததை நாம் அறிவோம். 2024 ஜூலையில் தமிழ்நாட்டு சர்க்கார் சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர், விதிப்படி கட்டுவதாகத் தாமே சான்றளித்து இணையவழியில் அனுமதி பெறலாம். இது சலுகையல்ல, மனிதனை மனிதனாக நம்புவதாகும்.

"உள்ளூர் அதிகாரத்தைச் சர்க்கார் குறைக்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். நாம் திருப்பிக் கேட்கிறோம்: உள்ளூர் என்பது யார்? சேரியை ஊருக்கு வெளியே வைத்தது எது? அக்கிரகாரத் தெருவில் மற்றவன் நடக்கக் கூடாதென்றது எது? உள்ளூர் வழக்கந்தானே!

அமெரிக்காவிலும் இதே கதைதான். வெள்ளையர் தெருவில் கறுப்பர் குடியேறக் கூடாதென்ற லூயிவில் நகர விதியை 1917இல் உச்சநீதிமன்றம் செல்லாதாக்கிற்று. பிறகு பல ஊர்கள் நிறத்தைச் சொல்லாமல், "பெரிய மனையில்தான் வீடு" என்று சொல்லி ஏழையை வெளியே நிறுத்தின. 2025இல் டெக்சாஸ் மாகாணம், பெரிய நகரங்களில் புதிதாகப் பிரிக்கும் பெரு நிலங்களில் 3,000 சதுர அடிக்கு மேற்பட்ட மனைதான் வேண்டுமென்று நகரசபை கட்டாயப்படுத்தக் கூடாதென்று சட்டம் செய்தது. நம்மவனுக்கு அதுவே ஜமீன்!

ஆகவே சாக்கடை, தெரு அகலம், தீ அபாயம் இவற்றை ஊராட்சி கவனிக்கட்டும். எவன் குடியிருப்பது என்பதை அது தீர்மானிக்க வேண்டியதில்லை.

ஆனால் சுயசான்று மனையைக் கொடுத்துவிடாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கு நலிந்தோருக்கு என்று 2019ஆம் ஆண்டு கட்டட விதிகள் சொல்கின்றன. கிருஷ்ணகிரி ஜில்லாவில் நிலம் பிரிக்கப்படும் இடமெல்லாம் அந்தப் பங்கு எங்கே என்று தோழர்கள் கேட்க வேண்டும்.

இன்னொன்று. சர்க்கார் அனுமதி கிடைத்த பின், வாஸ்துக்காரனிடம் அனுமதி கேட்டு, இருக்கிற இரண்டு சென்டில் மூலையைக் காலியாக விடுகிறவனை எந்தச் சட்டம் காப்பாற்றும்?