இரண்டு வாட் எதற்கு?

என்னோடு தொலைபேசி இலாகாவில் முப்பது வருடம் குப்பை கொட்டிய நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு நாள் காலையில் வந்து, ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். காபி ஆறிய பிறகு, "வலது காது போச்சுய்யா" என்றார்.

மூன்று வாரமாக இரவில் பாட்டு கேட்கும்போது வலது பக்கம் மங்கலாகவே கேட்கிறதாம். வீட்டில் சொல்லவில்லை. காது மெஷின் என்ன விலை என்று மட்டும் ரகசியமாக விசாரித்து வைத்திருக்கிறார்.

"எதில் கேட்கிறீர்?" என்றேன். பிள்ளை பிறந்தநாளுக்கு அனுப்பிய, காதுக்குள் செருகும் நல்ல இயர்போன். அதற்கென்று கடையில் தனியாக வாங்கிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர், 38,000 ரூபாய். கடைப் பையன், "இரண்டு வாட் சார்! பவர் எவ்வளவு கூட இருக்கோ அவ்வளவு நல்லது, கார் என்ஜின் மாதிரி" என்று சொல்லியிருக்கிறான். நல்ல இயர்போன் என்றால் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் கேட்பது பாவம் என்றும் சொன்னானாம்.

அவர் வீட்டுக்குப் போனேன். இயர்போனைப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். இடதை வலது காதில், வலதை இடது காதில். அரை நிமிடம் கேட்டுவிட்டு, "இப்போ இடது காது மங்கலா இருக்கே!" என்றார். காதில் கோளாறு என்றால், இயர்போனை மாற்றிப் போட்டாலும் அதே காதில்தானே மங்கலாக இருக்க வேண்டும்? பிறகு அந்த இயர்போனை நேரே அவர் செல்போனில் செருகிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டது. ஆக இயர்போனிலும் குற்றமில்லை. மிச்சம் இருப்பது அந்த 38,000 ரூபாய்ப் பெட்டி.

அதன் வால்யூம் குமிழை அவர் எவ்வளவு திருப்புகிறார் என்று பார்த்தேன். தொடக்கத்திலிருந்து ஒரு நூல். அதற்கு மேல் போனால் காது கிழிகிறது. ரேடியோ ரிப்பேர் தெரிந்தவர்களுக்கு விஷயம் இப்போதே புரிந்திருக்கும். ஸ்டீரியோ வால்யூம் கன்ட்ரோலுக்குள் இரண்டு தடங்கள் உண்டு, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. குமிழ் நடுவில் இருக்கும்போது இரண்டும் ஒத்துப்போகும். ஆரம்பத்தில் அப்படி ஒத்துப்போகாது, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அவர் வாழ்ந்ததெல்லாம் அந்த ஆரம்பத்தில்தான்.

இது அந்தப் பெட்டியின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. பெட்டி அது செய்ய வேண்டியதைச் செய்கிறது. இந்த இயர்போனுக்கு இதை விற்றதுதான் குற்றம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். ஹெட்போன் டப்பாவில் இரண்டு எண்கள் அச்சடித்திருக்கும். ஒன்று இம்பீடன்ஸ், ஓம் கணக்கில். இன்னொன்று சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது. (சில கம்பெனிகள் ஒரு மில்லிவாட்டுக்குப் பதில் ஒரு வோல்ட்டுக்குச் சொல்வார்கள். அதைப் பார்க்காமல் இரண்டு டப்பாக்களை ஒப்பிடக் கூடாது.) நண்பரின் இயர்போனில் 32 ஓம், 108 டெசிபல் என்று போட்டிருந்தது. 85 டெசிபல் என்பதே நம் வயதுக்குத் தாராளமான சத்தம். அதற்கு இந்த இயர்போனுக்கு வேண்டியது ஒரு மில்லிவாட்டில் இருநூறில் ஒரு பங்கு. பாட்டு நடுவே மிருதங்கம் தீர்மானம் வைக்கும்போது 20 டெசிபல் எகிறினால் கூட அரை மில்லிவாட்டில் முடிந்துவிடும். இரண்டு வாட் என்பது இரண்டாயிரம் மில்லிவாட். அத்தனையையும் கொடுத்தால் கணக்குப்படி 140 டெசிபலைத் தாண்டும். நல்லவேளை, அதற்கு முன்பே இயர்போன் வெந்துபோகும்.

"கூட இருந்தால் என்ன கெட்டுப்போச்சு, வைத்துக்கொள்ளட்டுமே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கெட்டுப்போனது இந்த மனிதரின் மூன்று வார நிம்மதி. போதாததற்கு, எம்.டி. ராமநாதன் மந்தர ஸ்தாயியில் இறங்கி நிற்கிற இடத்தில், அந்த மௌனத்தில், பின்னால் 'உஸ்' என்று ஒரு இரைச்சல். கூர்மையான இயர்போனுக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் போட்டால் ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சலும் சேர்ந்து கேட்கும். பேரன் பேத்தி வந்து குமிழைத் திருகி வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அடுத்தது 'மேட்சிங்'. இந்தக் கடைக்காரர்கள் வாயில் இந்த வார்த்தை படும் பாடு! "உங்க ஹெட்போனுக்கு இதுதான் மேட்சிங் சார்." எங்கள் இலாகாவில் 600 ஓம் என்பது காயத்ரி மந்திரம் மாதிரி. லைன் 600 ஓம், கருவி 600 ஓம், ஒரு மில்லிவாட், 0.775 வோல்ட். அங்கே இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். வால்வு ரேடியோவிலும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து மேட்ச் செய்யத்தான் வேண்டும். ஆனால் இன்றைய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரில் அந்தச் சமத்துவம் வேண்டாத விஷயம். ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் போதும், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 32 ஓம் என்றால் 4 ஓமுக்குக் கீழே. இது கூடினால், சில இயர்போன்களில் பாட்டின் நிறமே மாறிவிடும், ஏனென்றால் அவற்றின் இம்பீடன்ஸ் சுருதிக்குச் சுருதி வேறுபடுகிறது. பழைய ஸ்டீரியோ செட்டுகளில் ஸ்பீக்கர் லைனிலிருந்தே சில நூறு ஓம் ரெசிஸ்டரைப் போட்டு ஹெட்போன் துளைக்கு இழுத்திருப்பார்கள். அதில் அந்தக் காலத்து 600 ஓம் ஹெட்போன் சமாளித்துக்கொள்ளும். இன்றைய 16 ஓம் இயர்போனைச் செருகினால் கேட்பது வேறு பாட்டு.

ஆம்ப்ளிஃபயரே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. பெயர்டைனமிக் டிடி 880 என்று ஒரு ஹெட்போன், 32, 250, 600 ஓம் என்று மூன்று ரகமாக வந்தது. பெயர் ஒன்று, தேவை மூன்று. இதில் 600 ஓம் ரகத்துக்குப் பெரும்பாலான செல்போன் போதாது. அதற்கும் வாட் வேண்டியதில்லை என்பதுதான் வேடிக்கை. 25 மில்லிவாட்டிலேயே அது 110 டெசிபல் வரை போகும். அதைத் தள்ள நான்கு வோல்ட் வேண்டும், செல்போனில் அது கிடைக்காது. ஹைஃபைமேன் ஹெச்இ-6 என்பது இன்னொரு ஜாதி. 50 ஓம்தான், பார்த்தால் சாது. சென்சிட்டிவிட்டி 83.5 டெசிபல். அதற்குத்தான் நிஜமாகவே தசை பலம் உள்ள ஆம்ப்ளிஃபயர் வேண்டும். ஓமை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேதான் குப்புற விழுவார்கள். ப்ளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் இந்தக் கடைப் பக்கமே போக வேண்டாம், ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது கடைக்காரர்கள் நம்மை மாதிரி ஆட்களைக் குறிவைப்பதால்தான். அறுபது தாண்டினால் மேல் சுருதிகள் மெல்ல மங்கும். ஜாலரா, புல்லாங்குழலின் மேல் ஸ்தாயி, பேத்தியின் குரல் என்று எல்லாவற்றிலும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அந்தக் குறையோடு கடைக்குள் நுழைகிறோம். "ஆம்ப்ளிஃபயர் போட்டா தெளிவு வந்துடும் சார்" என்கிறார்கள். வராது. சத்தம்தான் வரும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்டாதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 90 ஆக்கினால் 4 மணி நேரம்தான். தெளிவைத் தேடி வால்யூமை ஏற்றுகிறவர் மிச்சம் இருப்பதையும் தொலைக்கிறார். திருப்தி இல்லை என்று திரும்பப் போனால், "இருநூறு மணி நேரம் ஓட்டினால் செட் ஆயிடும்" என்று ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பொருளைத் திருப்பித் தரும் கெடு அதற்குள் முடிந்துவிடும் அல்லவா?

நண்பரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போய் ஆடியோகிராம் எடுத்தோம். இரண்டு காதும் ஒரே அளவு. மேலே கொஞ்சம் சரிவு, வயதுக்கு உண்டானது. ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார் ஆட்டோவில்.

கடையில் பெட்டியைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். அவர் அக்கா பையனிடம் 600 ஓம் டிடி 880 ஒன்று இருந்தது. அவனிடம் கொடுத்துவிட்டார். அங்கே குமிழ் பாதிக்கு மேல் நிற்கிறது, இரண்டு பக்கமும் சரியாகக் கேட்கிறதாம். நண்பர் இப்போது செல்போனில் ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு ஒரு சின்ன வால் மாதிரி அடாப்டரைச் செருகிக் கேட்கிறார். நேற்று ராத்திரி பத்தரை மணிக்குப் போன் செய்து, தம்பூராவில் நாலு தந்தியும் தனித்தனியாகக் கேட்கிறது என்றார்.