எல்லாம் அழிஞ்சிடும் சார்!

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறீர்கள். கடைப் பையன், 'ரீசெட் பண்ணிடுங்க சார், எல்லாம் அழிஞ்சிடும்' என்கிறான். போனும் அதையேதான் சொல்கிறது: எல்லா டேட்டாவையும் அழி. அமுக்குகிறீர்கள். ஆயிரம் ரூபாய் தள்ளுபடியோடு நிம்மதியாக வீடு திரும்புகிறீர்கள்.

பல வருஷங்களாக, கோடிக்கணக்கான போன்களில் அந்த வாசகம் பச்சைப் பொய்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லாரன்ட் சைமனும் ராஸ் ஆண்டர்சனும், 5 கம்பெனிகளின் 21 ஆண்ட்ராய்டு போன்களில் ரீசெட் என்னதான் செய்கிறது என்று ஆராய்ந்து 2015ல் வெளியிட்டார்கள். ரீசெட் ஒழுங்காக வேலை செய்யாத போன் ஒவ்வொன்றிலும் பழைய சொந்தக்காரரின் கூகுள் கணக்கைத் திறக்கும் சாவி அப்படியே கிடந்தது! உலகத்தில் இப்படி 50 கோடி போன்கள் வரை இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

எப்படி? நான் காமர்ஸ் படித்தவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். லெட்ஜரின் முதல் பக்கத்தில் இண்டெக்ஸ் இருக்கும், யார் கணக்கு எந்தப் பக்கம் என்று. அதை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு, 'கணக்கெல்லாம் அழிச்சாச்சு' என்று ஆடிட்டரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் சிரிக்க மாட்டார். உள்ளே பக்கங்கள் பத்திரமாக இருக்கின்றன. பொறுமையாகப் புரட்டுகிறவனுக்கு எல்லாம் கிடைக்கும். அந்தப் போன்களில் நடந்தது ஏறக்குறைய இதுதான். மெமரியை முழுசாகத் துடைக்கத் தேவையான மென்பொருளைக்கூடச் சில கம்பெனிகள் சேர்க்கவில்லை. பட்டனை மட்டும் வைத்துவிட்டார்கள்.

'அந்தக் காலத்தில் டெக்னாலஜி இல்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2009லேயே ஆப்பிளின் 3ஜிஎஸ் போனில் வழி இருந்தது. டேட்டாவைச் சங்கேதமாக மாற்றி எழுதி வைப்பது. அழிக்கச் சொன்னால் சாவியை அழித்துவிடுவது. மிச்சம் இருப்பது யாருக்கும் புரியாத குப்பை. ஆண்ட்ராய்டில் இது 2015ல் வேகமான புதுப் போன்களுக்குக் கட்டாயமானது. மலிவு போனுக்கு? சங்கேதம் போட்டால் வேகம் குறையும் என்று விலக்குக் கொடுத்தார்கள். 2019ல் ஆண்ட்ராய்டு 10 வந்த பிறகுதான் எல்லாப் புதுப் போனுக்கும் கட்டாயம். அதாவது, காசு கொடுத்தவன் ரகசியத்துக்கு 2009லேயே பூட்டு. ஆறாயிரம் ரூபாய் போன்காரன் ரகசியத்துக்குப் பத்து வருஷம் கழித்து. அவன் வீட்டு போட்டோ மட்டும் என்ன, ஊர் பார்க்கவா எடுத்தது?

இன்றைய போன்களில் ரீசெட் தன் வேலையைச் செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'எல்லா டேட்டா' என்ற வார்த்தை இன்றும் உண்மையில்லை. கழற்ற மறந்த மெமரி கார்டு போனோடு போய்விடுகிறது. பேக்கப் ஆன போட்டோக்கள், கான்டாக்ட் லிஸ்ட், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் கம்பெனி சர்வரில் சுகமாகத் தூங்குகின்றன. புதுப் போனில் வேண்டும் என்று நாம்தான் வைத்தோம், சரி. யாருக்கு வேண்டாமோ அவர் என்ன செய்வார்? போனை அழிக்க ஒரே பட்டன். சர்வரில் அழிக்க, செட்டிங்ஸுக்குள் செட்டிங்ஸ் என்று சந்து சந்தாக அலைய வேண்டும்.

'எங்களிடம் உங்கள் நகல் இருக்கிறது, அதையும் அழிக்கவா?' ரீசெட் திரையிலேயே இதைக் கேட்கட்டுமே. விளம்பரத்தை அத்தனை சரியாக நம் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு, இந்த ஒரு வரியை வைக்க மட்டும் இடம் கிடைக்கவில்லையா?