ஞானஸ்நானப் பதிவேட்டில் இரு பெயர்கள்



ஆபிரகாமை மக்பேலா குகையில் அடக்கம் செய்தவர்கள் ஈசாக்கும் இஸ்மவேலும் என்று ஆதியாகமம் 25-ஆம் அதிகாரம் ஒரே வசனத்தில் சொல்லிக் கடந்துவிடுகிறது. அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீருமாய் வனாந்தரத்திற்கு அனுப்பிவிடப்பட்ட மகன், தகப்பனை அடக்கம் செய்ய வந்து நிற்கிறான். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆகார் அவனிடம் தகப்பனைப் பற்றி என்ன சொல்லி வளர்த்தாள் என்று வேதம் கூறவில்லை. குறை சொல்ல அவளுக்கு நியாயமான காரணங்கள் நிறையவே இருந்தன. ஆயினும் மகன் வந்தான்.

விவாகம் முறிந்த பின், பிள்ளையை வைத்திருப்பவர் மற்றவரை அதன் மனத்திலிருந்து சிறிது சிறிதாக அழித்துவிடும் துயரம் நம் பகுதிக்கும் புதிதன்று. தொலைபேசி அழைப்பு பிள்ளையிடம் சேர்வதில்லை. பார்க்க வரும் நாளில் தவறாமல் காய்ச்சல் வந்துவிடுகிறது. ஊத்துக்கோட்டை எல்லையூர், சத்தியவேடு, நாகலாபுரம் பக்கத்துக் குடும்பங்களோடு பெண் கொடுத்தும் எடுத்தும் வாழ்கிறோம். பிரிவு நேர்ந்தால் பிள்ளை ஒரு மாநிலத்தில், தகப்பனோ தாயோ மறு மாநிலத்தில். சில ஆண்டுகளில் ஒருவருடைய மொழியே பிள்ளைக்கு மறந்துபோகிறது. அதன்பின் பேசவே வழியில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு பார்ப்பவருக்கு ஞாயிறும் கைவராதபோது, "அவருக்கு உன்மேல் அக்கறையில்லை" என்று சொல்வது எத்தனை எளிது!

நீதிமன்றங்கள் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டன. 2017-இல் விவேக் சிங் எதிர் ரோமானி சிங் வழக்கில், இரண்டு வயது நிறையுமுன் தாயைப் பிரிந்து தகப்பனிடம் வளர்ந்த சிறுமியை உச்ச நீதிமன்றம் தாயிடம் ஒப்படைத்தது. தாயின் அருகாமையை அறியாத பிள்ளை தகப்பனையே விரும்புவதாகச் சொல்வதை முழுமையான தெரிவாகக் கொள்ள இயலாது என்பது அதன் நோக்கு. யாரைத் தெரிந்துகொண்டாலும் பிள்ளைக்குக் குற்றவுணர்வே எஞ்சும் என்றும் அத்தீர்ப்பு எச்சரித்தது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, பிள்ளையைக் காண வரும் முன்னாள் துணையை விருந்தினராக நடத்தும்படி அறிவுறுத்தினார். பெற்றோரில் ஒருவருக்கு எதிராகப் பிள்ளையைத் திருப்புவது, அதைத் தனக்கே எதிராகத் திருப்புவதாகும் என்றும் அவர் கண்டார். இது உண்மை. தகப்பனின் மூக்கும் தாயின் குரலும் உடைய பிள்ளை, அவர்களில் ஒருவரை வெறுக்கக் கற்றால் தன்னில் ஒரு பாதியை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

எனினும் ஒன்றை மறைக்கலாகாது. அடியும் குடிவெறியும் கண்டு அஞ்சும் பிள்ளையின் அச்சம் யாரும் கற்பித்ததன்று. குறிப்பிட்ட செயல்களைச் சுட்டாமல் ஒருவர்மேல் இப்பழியை அவசரமாகச் சுமத்தலாகாது என்று உச்ச நீதிமன்றமே 2024-இல் கூறியுள்ளது. தன் பிள்ளையைக் காக்கும் தாயை, "தகப்பனிடமிருந்து பிரிக்கிறாள்" என்று தூற்றுவோரும் நம்மிடையே உண்டு. அது இன்னொரு கொடுமை.

என் மனத்தாங்கல் சபையைக் குறித்தே. வழக்கு நடக்கையில் நாமும் கட்சி பிரிகிறோம். ஒருவரோடு கைகுலுக்குவதை நிறுத்துகிறோம். ஆராதனை முடிந்தபின் வாசலில் நின்று, பிள்ளையின் காதுபடவே அவருடைய பெயரை இழுக்கிறோம். தாத்தா பாட்டிமாரே, இதில் உங்கள் பங்கு பெரிது. வீட்டில் பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பவர்கள் நீங்கள். தாயையும் தகப்பனையும் கனம்பண்ணும்படி சொல்லும் கற்பனை, அவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழும்வரை என்று வரம்பிடவில்லை. நம் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் இருவர் பெயரும் இருக்கின்றன. விவாகரத்துத் தீர்ப்பு வந்ததற்காக எந்தப் பெயரையும் நாம் அடிப்பதில்லை.

வருகிற விடுமுறை வேதாகமப் பள்ளியின் நிறைவு நாளில் பிள்ளைகள் பாட இருக்கிறார்கள். பிரிந்து வாழும் பெற்றோர் இருவருக்கும் தனித்தனியே அழைப்பு அனுப்பும்படி ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன். நீதிமன்றத் தடையுத்தரவோ பிள்ளைக்கு ஆபத்தோ இருந்தால் முன்னதாக என்னிடம் தனியே தெரிவியுங்கள். மற்றபடி, இருவரும் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்கவோ முணுமுணுக்கவோ வேண்டாம். நாற்காலியைச் சற்று நகர்த்தி இடம் கொடுங்கள்.