பேசக் கற்றுக்கொடு! எழுதிக் கொடு!



கடைமடைக்குத் தண்ணி கேட்டு மறியல் செய்கிறோம். தாசில்தார் வருகிறார். "ஆபீசுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்கிறார். போகிறோம். டீ வருகிறது. "மேலே எழுதுறேன், ஆவன செய்றேன், கலைஞ்சு போங்க" என்கிறார். நாமும் கலைகிறோம். வாய்க்காலில் மட்டும் தண்ணி வந்தபாடில்லை!

அவரை மட்டும் ஏசி என்ன பயன்? கூட்டத்தைக் கலைக்க அவருக்குத் தெரிகிறது. பிரச்னையைத் தீர்க்கப் பேசுவது எப்படி என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அரசு வேலைக்கு வரும் இளநிலை உதவியாளர்களுக்குப் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி தருகிறார்கள். கோப்பும் விதியும் படிக்க வேண்டியதுதான். ஆனால் எதிரே இருப்பவன் கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்பதும், தன்னால் முடிவது எது, முடியாதது எது என்று நேராகச் சொல்வதும், முடியாததை எந்த அதிகாரியிடம் எந்தத் தேதிக்குள் கொண்டுபோவது என்று ஒப்புக்கொள்வதும் அரசு வேலைதானே! தாசில்தார் முதல் உதவியாளர் வரை எல்லோருக்கும் இதைப் பாடமாக வையுங்கள். அந்த வகுப்பில் பேச விவசாயியையும் கூப்பிடுங்கள்.

நாமும் கற்க வேண்டும். டெல்லி எல்லையை நினைத்துப் பாருங்க. மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்த விவசாயிகளோடு மத்திய அரசு 2021 ஜனவரி வரை 11 சுற்று பேசியது. "ஒன்றரை வருஷம் நிறுத்தி வைக்கிறோம்" என்றது. அவர்கள் மயங்கவில்லை. பேச்சுவார்த்தைக்குப் போன இடத்திலும் தங்கள் சாப்பாட்டையே சாப்பிட்டார்கள். நவம்பரில் சட்டங்கள் ரத்தாயின. அப்பவும் எழுந்து போகவில்லை. மற்ற கோரிக்கைகளுக்கு டிசம்பர் 9-ல் எழுத்து மூலம் கடிதம் வந்த பிறகே போராட்டத்தை நிறுத்தி வைத்தார்கள்.

ஆகவே நாம்,

1. பேசப் போகுமுன் ஊர்கூடி, எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று முடிவு செய்வோம்.

2. தனியாகப் போகமாட்டோம். ஐந்து பேர் போவோம். ஒருவர் பேச, ஒருவர் குறிப்பெடுக்கட்டும்.

3. யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் எழமாட்டோம்.

4. நகல் தர மறுத்தால், 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போடுவோம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

வாய்ச்சொல்லை நம்பி வயல் காய்ந்தது போதும்!

அதிகாரியே, பேசக் கற்றுக்கொள்!
விவசாயியே, எழுதி வாங்கக் கற்றுக்கொள்!